இதயத்தின் கதவுகள்

(உரைநடைப் பாடம்)

நுழையும் முன்

நோய் தீர்க்கும் மருந்தும் மருத்துவ முறையும் ஒரே நாளில் தோன்றுவன அல்ல. ஒவ்வொன்றின் பின்னும் பல்லாண்டு கால ஆய்வு இருக்கிறது. அவ்வாய்வுக்கு மனமுவந்து உடன்பட்ட நோயாளிகளும் இருக்கிறார்கள். இதய அறுவை சிகிச்சையிலும் தீவிர சிகிச்சையிலும் நிகழ்ந்த சில ஆய்வுகளைப் பற்றியும், அவற்றில் நோயாளிக்கு உள்ள உரிமைகளைப் பற்றியும் இப்பாடம் கூறுகிறது.

1. படியேற இயலாத பாட்டி

புனேயிலிருந்து லோனாவலா செல்லும் மின்தொடர்வண்டி தேஹு ரோடு நிலையத்தில் நின்று புறப்பட்டது. இறங்கியவர்கள் நடைமேம்பாலத்தின் படிகளில் விரைந்து ஏறினர். ஒரு பாட்டி மட்டும் ஐந்தாம் படியிலேயே கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றுவிட்டார். மூச்சு வாங்கியது. எட்டாம் வகுப்பில் பயிலும் பேத்தி அவருடைய பையை வாங்கிக்கொண்டாள்.

"ஒன்றுமில்லை கண்ணு, வயதாகிவிட்டது, அவ்வளவுதான்" என்றார் பாட்டி.

அவர் வேலூர்ப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்தவர். இராணுவத் தளவாடக் கிடங்கில் வேலை கிடைத்த கணவருடன் இளம்பெண்ணாகத் தேஹு ரோட்டுக்கு வந்தவர். சந்தையில் காய்கறி வாங்கும் அளவுக்கு மராத்தி பேசுவார். ஆனால், அவர் படிக்க அறிந்தது தமிழ் ஒன்றுதான்.

மறுவாரம் மருத்துவமனையில் சோதித்தபோது மூச்சிரைப்புக்குக் காரணம் வயது அன்று என்பது தெரிந்தது. பாட்டியின் இதயத்தில் உள்ள ஈரிதழ் வால்வு தடித்துச் சுருங்கியிருந்தது. "சிறு வயதில் தொண்டைவலியும் மூட்டுவீக்கமும் வந்ததுண்டா?" என்று மருத்துவர் வினவினார். பாட்டி நெடுநேரம் எண்ணிப் பார்த்தார். பத்து வயதில் முழங்கால் வீங்கிக் காய்ச்சலில் கிடந்ததும், இரண்டு திங்கள் பள்ளிக்குச் செல்லாததும் நினைவுக்கு வந்தன.

2. தொண்டையில் தொடங்கும் இதயநோய்

மனித இதயத்தில் நான்கு வால்வுகள் உள்ளன. இவை ஒருவழிக் கதவுகள் போன்றவை. குருதியை முன்னோக்கிச் செல்லவிடும், பின்னோக்கி வரவிடா. இதயம் நிமிடத்துக்கு 72 முறை துடிப்பதாகக் கொண்டால், ஒரு நாளில் 1,03,680 முறை துடிக்கிறது. ஓராண்டில் அது ஏறத்தாழ 3 கோடியே 78 லட்சம் முறை ஆகும். ஒவ்வொரு துடிப்பிலும் வால்வுகள் ஒருமுறை திறந்து மூடுகின்றன. இத்தனை முறை பழுதின்றித் திறந்து மூடும் கதவு வேறு எவ்வீட்டிலும் இல்லை.

இக்கதவுகளைப் பழுதாக்கும் நோய்களுள் ஒன்று ருமாட்டிக் காய்ச்சல். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைப் பாக்டீரியா ஒன்றால் தொண்டையில் அழற்சி உண்டாகிறது. அதற்கு உரிய மருந்து கொடுக்காவிடில், சிலருக்குச் சில வாரங்களில் ருமாட்டிக் காய்ச்சல் வருகிறது. பாக்டீரியாவை எதிர்க்க எழுந்த உடலின் காப்பாற்றல், ஆள் தெரியாமல் தன் வீட்டாரையே தாக்கும் காவலரைப் போல, மூட்டுகளையும் இதய வால்வுகளையும் தாக்கிவிடுகிறது. மூட்டுவீக்கம் ஆறிவிடும், வால்வில் ஏற்பட்ட வடு ஆறுவதில்லை. ஐந்து முதல் பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைகளையே இந்நோய் மிகுதியும் தாக்குகிறது. தொடக்கத்திலேயே மருத்துவரிடம் சென்று பெனிசிலின் போன்ற மருந்தைப் பெற்றால் இதயத்தைக் காக்கலாம்.

வால்வு மிகவும் பழுதுற்றால் அதை அகற்றிச் செயற்கை வால்வைப் பொருத்த வேண்டியிருக்கும். பாட்டிக்கும் அந்நிலைதான் வந்திருந்தது.

3. நான்காம் முறை கிடைத்த வெற்றி

இந்தியாவில் நெஞ்சக அறுவை சிகிச்சைக்கெனத் தனித்துறை அமைத்து வழிகாட்டிய இடங்களுள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி முதன்மையானது. 1949ஆம் ஆண்டு மருத்துவர் ரீவ் பெட்ஸ் அத்துறையைத் தொடங்கினார். காலப்போக்கில் வால்வு மாற்றும் அறுவை நம் நாட்டிலேயே செய்யப்பட்டது. ஆயினும், வால்வு மட்டும் வெளிநாட்டிலிருந்து வந்தது. அதன் விலை எளிய குடும்பங்களுக்கு எட்டாததாக இருந்தது.

திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனத்தில் இதய அறுவை மருத்துவர் எம்.எஸ். வலியத்தான் இக்குறையைப் போக்க முனைந்தார். மருத்துவர்களும் பொறியாளர்களும் ஒரே கூரையின் கீழ் உழைத்தனர். பொறியியல் பணியில் ஜி.எஸ். புவனேஸ்வர் முன்னின்றார்.

முதலில் உருவாக்கிய மாதிரி, ஆய்வுக்கூடத்தில் விரைவாகத் திறந்து மூடும் சோதனைக்கு ஈடுகொடுக்கவில்லை. அதன் உலோகத் தாங்கி முறிந்தது. அடுத்த மாதிரியில் உறுப்புகள் தேய்ந்தன. பின்னர்ச் செயற்கை நீலமணியால் ஆன தட்டைப் பயன்படுத்தினர். அத்தட்டும் விலங்குச் சோதனையில் உடைந்தது. மூன்று மாதிரிகள் தோற்றன. எனினும், அவை மனித உடலுக்குச் செல்லுமுன்பே தோற்றன என்பதை மறத்தலாகாது. ஒரு பொருளை நோயாளியிடம் கொண்டு செல்லுமுன் கடுமையாகச் சோதிப்பதன் நோக்கமே அதுதான்.

நான்காம் மாதிரியில் உறுதியான உலோகக் கலவையால் ஆன வளையமும், மிகுந்த மூலக்கூற்று எடையுள்ள பாலித்தீன் தட்டும் அமைந்தன. வளையத்தைச் சுற்றித் தையலிடுவதற்குப் பாலியெஸ்டர் துணி இருந்தது. இது சோதனைகளில் தேறியது. 1990 டிசம்பர் 6ஆம் நாள் அவ்வால்வு முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

ஒருவர் பிழைத்துவிட்டார் என்பதால் வால்வு நல்லது என்று முடிவு செய்யலாகாது. எனவே, இந்தியாவின் ஆறு மருத்துவ நிறுவனங்களில் முறையான ஆய்வு நடந்தது. 1990 டிசம்பர் முதல் 1995 ஜனவரி வரை 306 நோயாளிகளுக்கு இவ்வால்வு பொருத்தப்பட்டது. அவர்களுள் 101 பேருக்குப் பெருந்தமனி வால்வும், 205 பேருக்கு ஈரிதழ் வால்வும் மாற்றப்பட்டன. அறுவையை ஒட்டிய நாள்களில் 21 பேர் உயிரிழந்தனர். எஞ்சிய 285 பேரின் உடல்நிலையை 1998 செப்டம்பர் வரை தொடர்ந்து கவனித்தனர். அக்காலத்தில் எவருடைய வால்வும் முறியவில்லை. கட்டமைப்பில் பழுதுபடவும் இல்லை.

ஆய்வறிக்கை வெற்றியை மட்டும் கூறவில்லை. இறந்தவர்களின் எண்ணிக்கையையும் ஒளிக்காமல் கூறியது. நன்மையையும் தீமையையும் ஒருங்கே எழுதுவதே ஆய்வின் நேர்மை ஆகும். இவ்வால்வைச் சென்னையைச் சேர்ந்த டி.டி.கே. நிறுவனம் தயாரித்து வழங்கியது. 'டி.டி.கே. சித்ரா வால்வு' என்று பெயர்பெற்ற அது, இறக்குமதி வால்வுகளைவிடக் குறைந்த விலையில் கிடைத்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் இதயங்களில் இடம்பெற்றது.

4. நம்பிக்கையைத் திருத்திய எண்கள்

அறுவை முடிந்த நோயாளி தீவிர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்கிறார். அங்கும் விடை காண வேண்டிய வினாக்கள் பல உள்ளன. அவற்றுள் ஒன்று குருதியில் உள்ள சர்க்கரையைப் பற்றியது.

உடல்நிலை மிகவும் கெட்டிருக்கும்போது, நீரிழிவு இல்லாதவருக்கும் குருதிச் சர்க்கரை உயரக்கூடும். அதை இன்சுலின் கொண்டு இயல்பான அளவுக்குக் குறைக்க வேண்டுமா? 2001ஆம் ஆண்டு பெல்ஜியம் நாட்டின் லூவன் நகரில், மருத்துவர் கிரேட் வான் டென் பெர்கேயும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வின் முடிவை வெளியிட்டனர். அறுவைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த 1,548 பேர் அதில் பங்கேற்றனர். அவர்களுள் பெரும்பாலோர் இதய அறுவை செய்துகொண்டவர்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுள் 100க்கு 8 பேர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இறந்தனர். சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்திய பிரிவில் அது 4.6ஆகக் குறைந்தது. உலகெங்கும் பல மருத்துவமனைகள் இம்முறையைப் பின்பற்றத் தொடங்கின.

ஆயினும், ஆய்வாளர்கள் அத்துடன் நிறைவடையவில்லை. பலவகை நோயாளிகளுக்கும் இது பொருந்துமா என்று அறிய விரும்பினர். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, வட அமெரிக்கா ஆகிய பகுதிகளின் 42 மருத்துவமனைகள் ஒன்றுசேர்ந்து 6,104 பேரைக் கொண்டு ஆய்ந்தன. 2009இல் வந்த முடிவு எதிர்பார்ப்புக்கு மாறாக இருந்தது. இறுக்கமான கட்டுப்பாட்டில் இருந்தவர்களுள் 27.5 விழுக்காட்டினர் 90 நாள்களுக்குள் இறந்தனர். சற்றுத் தளர்வான கட்டுப்பாட்டில் இருந்தவர்களுள் அது 24.9 விழுக்காடாக இருந்தது. சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்துவிடும் இடரும் முதற்பிரிவினருக்கே மிகுதியாக இருந்தது. இதன் பின்னர் மருத்துவமனைகள் தம் முறையை மாற்றிக்கொண்டன.

நல்லதென்று பலரும் நம்பிய ஒன்று பலருக்குத் தீங்காக இருக்கக்கூடும். நோயாளிகளை இரு பிரிவாக்கி ஒப்பிட்டு எண்ணியதால்தான் அது வெளிப்பட்டது. யார் எப்பிரிவில் சேர்வது என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடுவதில்லை. குலுக்கல் போன்ற முறையே அதைத் தீர்மானிக்கிறது. மருத்துவர் தாமே தேர்ந்தெடுத்தால், நலம் மிகுந்தவர்களை ஒரு பக்கம் சேர்த்துவிடக்கூடும். அப்போது ஒப்பீடு நடுவுநிலை தவறிவிடும்.

5. புரிந்த மொழியில் ஒப்புதல்

பாட்டியின் அறுவைக்கு முந்தைய வாரம், ஆய்வுக்குழுவைச் சேர்ந்த ஒரு மருத்துவர் வந்தார். அறுவைக்குப் பின் எவ்வளவு உயிர்வளி அளிப்பது நல்லது என்பதை அறிய ஓர் ஆய்வு நடப்பதாகக் கூறினார். வழக்கத்தில் உள்ள இரண்டு அளவுகளை ஒப்பிடுவதே அதன் நோக்கம். அவர் ஒரு படிவத்தை நீட்டினார். அதன் தலைப்பில் மராத்தி எழுத்தில் 'சம்மதிபத்ர' என்று இருந்தது.

பேத்தி அதைப் படித்தாள். 'சம்மதி' என்பது 'சம்மதம்' என்பதன் உறவுச்சொல் என உணர்ந்தாள். தொடர்ந்து வந்த மூன்று பக்கங்களும் அவளுக்குக் கடினமாக இருந்தன. தான் பாதி புரிந்துகொண்டு சொல்வதைக் கேட்டுப் பாட்டி முழுதாகக் கையெழுத்திடுவது முறையா என்று தயங்கினாள்.

"ஐயா, என் பாட்டிக்குத் தமிழ்தான் படிக்கத் தெரியும். தமிழில் இப்படிவம் கிடைக்குமா?" என்று பணிவுடன் கேட்டாள்.

அவள் கேட்டது சலுகை அன்று, உரிமை. பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் செய்திகளைத் தெரிவிக்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் கூறுகின்றன. எழுத்தறியாதவராயின், ஆய்வைச் சாராத ஒருவர் சாட்சியாக உடனிருக்க வேண்டும். நினைவிழந்து கிடப்பவருக்காகச் சட்டப்படி உரிய உறவினர் ஒப்புதல் தரலாம். தெளிவு திரும்பியபின் நோயாளியிடமே மீண்டும் கேட்க வேண்டும். ஏழு முதல் பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பங்கேற்பதாயின், பெற்றோரின் ஒப்புதலுடன் பிள்ளையின் இசைவையும் பெற வேண்டும்.

ஒவ்வோர் ஆய்வையும் அறநெறிக் குழு ஒன்று முன்னதாக ஆராய்ந்து இசைவளிக்கிறது. அக்குழுவில் மருத்துவர்கள் மட்டுமன்றி, சட்டம் அறிந்தவரும் பொதுமக்களுள் ஒருவரும் இடம்பெறுகின்றனர். மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேடு 2007ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதைப் பொதுமக்கள் எவரும் பார்க்கலாம். மருந்து ஆய்வுகளில் பங்கேற்றதால் தீங்கு நேர்ந்தால் சிகிச்சையும் இழப்பீடும் அளிக்க 2019ஆம் ஆண்டின் விதிகள் வழிசெய்கின்றன.

மூன்றாம் நாள் தமிழ்ப் படிவம் வந்தது. பாட்டி மூக்குக்கண்ணாடியை அணிந்து, ஒவ்வொரு வரியாகப் படித்தார். பின்னர் மூன்று வினாக்களைக் கேட்டார்.

"இதில் சேராவிட்டால் என் சிகிச்சை குறையுமா?"

"குறையாது, அம்மா. இதே சிகிச்சைதான்."

"சேர்ந்த பின் வேண்டாமென்றால்?"

"எப்போது வேண்டுமானாலும் விலகலாம். காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை."

"இதனால் எனக்கு என்ன நன்மை?"

மருத்துவர் சற்று நேரம் பேசவில்லை. "உங்களுக்கு நன்மை கிடைக்கும் என்று என்னால் உறுதி கூற இயலாது. எது நல்லது என்று தெரியாததால்தான் ஆய்கிறோம். உங்களுக்குப் பின் வருபவர்களுக்கு விடை தெரியும்" என்றார்.

அடுத்த படுக்கையில் இருந்த அம்மையார் ஆய்வில் சேர மறுத்துவிட்டார். அவருக்கும் குறித்த நாளில் அறுவை நடந்தது. செவிலியர் அவரையும் அதே பரிவுடன் கவனித்தனர். பாட்டி ஓர் இரவு எண்ணிப் பார்த்தார். மறுநாள் காலையில் பேத்தியிடம் எழுதுகோலைக் கேட்டு வாங்கினார். "எனக்குப் பொருத்தப்போகும் வால்வை எனக்கு முன்னே யாரோ ஏற்றுக்கொண்டு சோதித்திருக்கிறார்கள் அல்லவா?" என்று கூறிவிட்டு, தமிழில் தம் பெயரை எழுதினார்.

6. மருத்துவத்தின் நான்கு கூறுகள்

அறுவை நன்கு முடிந்தது. இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து, பின்னர்ப் பொதுப் பிரிவுக்கு வந்தார் பாட்டி. தாம் எந்தப் பிரிவில் சேர்க்கப்பட்டார் என்பது அவருக்குத் தெரியாது. ஆய்வின் முடிவு வெளிவரச் சில ஆண்டுகள் ஆகும்.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தில் மருத்துவத்தின் நான்கு கூறுகளை வள்ளுவர் எண்ணிக் கூறுகிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுபவர் என்பன அவை. அவ்வரிசையில் நோயாளியே முதலில் நிற்கிறார். மருத்துவம் அவர்மீது செய்யப்படும் செயல் மட்டும் அன்று. அவரும் சேர்ந்து செய்யும் செயல் ஆகும். பாட்டிக்குப் புரியும் மொழியில் படிவம் கேட்ட பேத்தி, நான்காம் கூறாகிய உடனிருப்பவரின் கடமையை ஆற்றினாள்.

மூன்று திங்கள் கழித்து இருவரும் மீண்டும் தேஹு ரோடு நிலையத்தில் இறங்கினர். பாட்டி நடைமேம்பாலத்தின் உச்சியை அடைந்து திரும்பிப் பார்த்தார். தொண்டை கரகரக்கிறது என்று காலையில் கூறிய பேத்தி பின்னால் வந்துகொண்டிருந்தாள்.

"வீட்டுக்கு அப்புறம் போகலாம் கண்ணு, முதலில் மருத்துவரிடம் போவோம், வா" என்றார் பாட்டி.

சொற்பொருள்

அழற்சி – உடலுறுப்பு சிவந்து வீங்கி வலித்தல்
அறநெறிக் குழு – ஆய்வு முறையானதா என ஆராயும் குழு
இசைவு – உடன்பாடு
ஈரிதழ் வால்வு – இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு இடையிலுள்ள வால்வு
உயிர்வளி – ஆக்சிஜன்
தளவாடம் – போர்க்கருவி முதலிய பொருள்கள்
நடுவுநிலை – ஒரு பக்கம் சாயாமை

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. மனித இதயத்தில் ______ வால்வுகள் உள்ளன.
2. சித்ரா வால்வு முதன்முதலாகப் பொருத்தப்பட்ட ஆண்டு ______.
3. வேலூரில் நெஞ்சக அறுவைத் துறையைத் தொடங்கியவர் ______.

ஆ. சரியா, தவறா எனக் கூறுக. தவறாயின் திருத்தி எழுதுக.
1. ஆய்வில் சேர்ந்தவர் இடையில் விலக இயலாது.
2. எந்த நோயாளி எப்பிரிவில் சேர வேண்டும் என்பதை மருத்துவர் தம் விருப்பப்படி முடிவு செய்வார்.
3. வால்வின் முதல் மூன்று மாதிரிகள் மனிதருக்குப் பொருத்துமுன்பே தோல்வியுற்றன.

இ. ஓரிரு தொடர்களில் விடையளிக்க.
1. தொண்டை அழற்சி இதயத்தை எவ்வாறு பாதிக்கிறது?
2. 2001, 2009 ஆகிய ஆண்டுகளில் வந்த ஆய்வு முடிவுகள் எவ்வாறு வேறுபட்டன?
3. 'உங்களுக்கு நன்மை கிடைக்கும் என்று உறுதி கூற இயலாது' என்று மருத்துவர் கூறியது நேர்மையானதா? ஏன்?

ஈ. மொழிப்பயிற்சி
1. பொருள் வேறுபாடு அறிந்து தொடரில் அமைக்க: அரை – அறை; மறுத்தார் – மருந்து; ஆரிய – அறிய.
2. எதிர்ச்சொல் எழுதுக: வெற்றி, நன்மை, இறுக்கம், முன்னோக்கி.
3. 'சம்மதி – சம்மதம்' போல மராத்தியிலும் தமிழிலும் ஒத்து ஒலிக்கும் ஐந்து சொற்களைத் தொகுத்து எழுதுக.

உ. செயல்பாடு
1. ஒரு நிமிடத்தில் உங்கள் நாடித்துடிப்பை எண்ணுக. ஓராண்டில் உங்கள் இதய வால்வுகள் எத்தனை முறை திறந்து மூடும் எனக் கணக்கிடுக.
2. மருத்துவமனையில் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுமுன் கேட்க வேண்டிய ஐந்து வினாக்களைத் தமிழில் எழுதி, வீட்டுப் பெரியவர்களுக்குப் படித்துக் காட்டுக.